ஊர்ப் பேய்க்கதைகளை வளர்ப்பது பெரிதும் பாசமே!

நடுவர் அவர்களுக்கு வணக்கம். பெரியோர்களுக்கு வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம், பாவம், ‘பயமே’ அணியில் உட்கார்ந்து பயந்துபோயிருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா கண்மாய்க்குள் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசு என்பது மட்கிய சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் என்றார். சரி, ஒத்துக்கொண்டேன், மேலே போவோம். அத்தோடு விட்டாரா? “பாசமே அணிக்காரர்களுக்குப் பேய் மேல் அவ்வளவு பாசம் என்றால், இன்று ராத்திரி கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் படுத்துவிட்டு வரட்டும், காலையில் தீர்ப்பை வைத்துக்கொள்ளலாம்” என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள்.

ஐயா, பாசம் இருந்தால் பக்கத்தில்தான் படுக்க வேண்டுமா? உங்கள் மாமனார் மேல் உங்களுக்கு எவ்வளவு பாசம்! அவர் “மாப்பிள்ளை, ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க” என்றால் “காலையில காலேஜ் இருக்கு மாமா” என்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறீர்களே, அது மாமனார் பேய் என்கிற பயமா? அங்கே மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா தலையாட்டுகிறார், அது உங்கள் வீட்டம்மா இல்லையே? இருந்தால் இன்றைக்குப் புளியமரத்தடியில் படுக்கப்போவது நானில்லை.

இப்போது என் சித்தப்பா கதைக்கு வருகிறேன். மாமியார் ஊரில் கிடாவெட்டு. தின்றது போக ஒரு தூக்குச்சட்டி நிறையக் கறிக்குழம்பு கொடுத்துவிட்டார்கள். ராத்திரியில் கறி கொண்டுபோனால் சட்டிக்குள் ஒரு கரித்துண்டு போடுவது நம் ஊர் வழக்கம், பேய் அண்டாது. அவசரத்தில் மறந்துவிட்டார்கள். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அமாவாசை இருட்டு. மனிதர் கண்மாய்க்கரை வழியாக நடக்கிறார். சுமைதாங்கிக் கல்லைத் தாண்டினாரோ இல்லையோ, பின்னால் ‘சரட்... சரட்...’

நின்றார். சத்தமும் நின்றது. நடந்தார். ‘சரட்.’ ஓடினார். ‘சரட் சரட் சரட்.’ சட்டியைத் திறந்து ஒரு நெஞ்செலும்பை எடுத்துப் பின்பக்கமாக வீசினார். “தின்னுட்டு அப்படியே போயிரும்மா” என்று கும்பிட்டார். போகவில்லை. வீட்டு வாசல் வரை வந்தது.

இது மறுநாள் சொன்ன கதை. தீபாவளிக்குச் சொன்னபோது அந்தப் பேய்க்குக் கொலுசு வந்துவிட்டது. பொங்கலுக்கு மல்லிகைப்பூ வாசம் சேர்ந்தது. அடுத்த கிடாவெட்டில் சொன்னபோது, “மாப்பிள்ளை, எலும்பு வேண்டாம், ஈரல் இருக்கா?” என்று கேட்டதாம். கோயிலில் இடம் மட்டும்தான் இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்து கறியையே நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது என்ன? காலையில் அவர் வேட்டியை வெளுக்க எடுத்த அப்பத்தா பார்த்தால், வேட்டிக் கரையில் முழ நீளத்துக்கு ஒரு கருவேல முள் கிளை மாட்டிக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்கக் கூடவே வந்தது அதுதான்.

“பார்த்தீர்களா, பயம்!” என்று எதிரணி கைதட்டுகிறது. இருங்கள் ஐயா, கதை முடியவில்லை.

அப்பத்தா சிரிக்கவில்லை. முள்ளைப் பிடுங்கி வேலியில் போட்டுவிட்டு, “அது கிடக்கட்டும். அவளுக்கு என்னடா போட்ட?” என்றார். “எலும்புதான் ஆத்தா.” “வாயும் வயிறுமா போனவளுக்கு எலும்பையாடா போடுவ?” என்று திட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமையே கறி எடுத்துச் சமைத்து, சித்தப்பா கையிலேயே கொடுத்து, கல்லடியில் இலை போட்டு வைக்கச் சொன்னார். முள்தான் என்று தெரிந்த பிறகு ஐயா! பயம் போன பிறகும் சோறு போனதே, அதற்கு என்ன பெயர்?

சுமைதாங்கிக் கல் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் துணை இல்லாமல் இறக்கி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது. அவள் இறக்க முடியாமல் போன பாரத்தை ஊர்க்காரர்களாவது இறக்கிக்கொள்ளட்டும் என்று வைத்த கல். அந்த இடத்தில் பேய் இருக்கிறதென்றால் அவளை இன்னும் ஊர் மறக்கவில்லை என்றுதானே ஐயா அர்த்தம்?

தனுஷ்கோடியையும் இழுத்தார்கள். பொழுது சாய்ந்தால் சுற்றுலா வந்தவர்களைக் கிளம்பச் சொல்கிறார்களாம், அதனால் பயமாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்தது, பேய் நகரம் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இருக்கின்றன. மணலைத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரை மொண்டு குடிக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாம் வேனில் ஏறிவிட்டால் அந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? அப்பனையும் ஆத்தாளையும் கடலுக்குக் கொடுத்த இடத்தில் படுத்துத் தூங்குகிறார்கள் ஐயா.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று. நம் பக்கத்தில் கன்னி கும்பிடுகிற வீடுகள் உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளைக்கு வருஷா வருஷம் புதுத்துணி, வளையல், பொட்டு எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்துப் படைப்பார்கள். என் பெரியம்மா மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டுப் பக்கம் ராத்திரியில் போகாதே, சின்னப்பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்கும் என்று தெருவே சொல்லும். ஒரு வருஷம் படையலுக்குத் துணி எடுக்கப் பெரியம்மாவோடு நான் போயிருந்தேன். கடைக்காரர் சின்னப் பாவாடைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே, “எத்தனை வயசுப் பிள்ளைக்கும்மா?” என்று கேட்டார். பெரியம்மா ஒன்றை எடுத்து இடுப்பளவு வைத்துப் பார்த்துவிட்டு, “இது பத்தாதுய்யா. இந்த ஆவணி வந்தா பதினாலு. தாவணியாவே எடுங்க” என்றார்.

நடுவர் அவர்களே, இதற்கெல்லாம் காரணம் பயம் என்று தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள். பெரியம்மா அதோ, மேடைக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.