கறுப்பு மாதா முகத்தைக் கழுவினாங்க... உள்ள என்ன நிறம் இருந்துச்சு தெரியுமா?

[திரையில்: ஒரே சிலையின் இரண்டு படங்கள், பக்கத்துப் பக்கத்தில்]

இந்த ரெண்டு படத்தையும் நல்லா பாருங்க. இடது பக்கம் இருக்கறது கன்னங்கரேல்னு ஒரு முகம். வலது பக்கம் வெளுத்த முகம். சிலை ஒண்ணுதான்! பிரான்ஸ்ல சார்த்ர் பேராலயத்துல இருக்கற 16-ம் நூற்றாண்டு மரச்சிலை. ஒரு தூண் மேல வெச்சிருக்கறதால "தூண் மாதா"ன்னு பேர். பேராலயத்துக்குள்ள 2009-ல ஆரம்பிச்ச பெரிய சீரமைப்பு வேலையில இந்தச் சிலைக்கும் முறை வந்துச்சு. 2014 வாக்கில மக்கள் பார்த்தப்ப கறுப்பு போயிருந்துச்சு. "எங்க கறுப்பு மாதா எங்க?"ன்னு பெரிய சண்டை. வல்லுநர்கள் தரப்பு சொன்ன பதில் ஒரே வரி: "முதல்ல இருந்த நிறத்துக்குத்தான் கொண்டு வந்திருக்கோம்."

யார் பக்கம் நியாயம்? உங்க பதிலை இப்பவே கமெண்ட்ல போட்டுடுங்க. வீடியோ முடியறப்போ மாறுதான்னு பார்ப்போம்.

[திரையில்: ஐரோப்பா வரைபடம்]

பின்னணியை வேகமா முடிச்சுடறேன். ஐரோப்பாவுல கறுப்பு மாதான்னு கும்பிடற சிலைகளும் படங்களும் நூத்துக்கணக்குல இருக்கு, பிரான்ஸ்லதான் அதிகம். ஸ்பெயின்ல மோன்செராட், சுவிட்சர்லாந்துல ஐன்சீடல்ன், போலந்துல செஸ்டகோவா, இந்த மூணும் ரொம்பப் பிரபலம். அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருவோம், ஏன்னா "ஏன் கறுப்பு"ங்கற கேள்விக்குப் பதில் தோலுக்கு அடியில இருக்கு.

[திரையில்: மரச்சிலை முகத்தின் குறுக்குவெட்டு வரைபடம், அடுக்கடுக்காக]

மரத்துல நேரடியா யாரும் வண்ணம் பூச மாட்டாங்க. முதல்ல வஜ்ஜிரம், அதாவது மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கற பசை. அது மரத்தோட துளைகளை அடைக்கும். அதுக்கு மேல அதே பசையில சாக்குப்பொடியோ ஜிப்சமோ கலந்து பல பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய்ஞ்ச பிறகுதான் அடுத்தது. கடைசியில தேய்ச்சு வழவழப்பாக்கினா அதுதான் தளம். அதுக்கு மேல வர்ற முகத்தோட நிறம் முக்கியமா ரெண்டு பொருள்: ஈயத்துலேர்ந்து செய்யற ஈய வெள்ளை, பாதரசம் கலந்த சிவப்பான சாதிலிங்கம். வெள்ளையும் சிவப்பும் கலந்தா ரோஸ். இதை முட்டை மஞ்சள் கருவுலயோ எண்ணெயிலயோ குழைப்பாங்க. எல்லாத்துக்கும் மேல வார்னிஷ்.

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தகவல். 1400 வாக்கில இத்தாலியில சென்னினோ சென்னினிங்கற ஓவியர் ஒரு தொழில் கையேடு எழுதினார். அதுல முகம் வரையறதுக்கு எந்தக் கோழி முட்டைன்னு கூட சொல்றார்! இளம் வயசு முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டையோட மஞ்சள் கரு, ஏன்னா அது வெளுப்பா இருக்கும். வயசானவங்களுக்கும் மாநிறக்காரங்களுக்கும் கிராமத்துக் கோழி முட்டை, ஏன்னா அதுல சிவப்பு அதிகம். தோல் நிறத்தைக் கோழியிலேர்ந்தே முடிவு பண்ணியிருக்காங்க!

அதே கையேட்டுல இன்னொரு வழிமுறை: ரோஸ் பூசறதுக்கு முன்னாடி முகம் முழுக்கப் பச்சை மண் நிறம் பூசணும். பச்சைக்கு மேல ரோஸ் மெல்லிசா ஏறினா உயிரோட இருக்கற தோல் மாதிரித் தெரியும். இதுல என்ன கெட்டுப் போகும்? மேல இருக்கற ரோஸ் மயிரிழை பருமன் கூட இருக்காது. நூத்தாண்டுக்கணக்கா துடைச்சுத் துடைச்சு அது தேய்ஞ்சுட்டா அடியில இருக்கற பச்சை எட்டிப் பார்க்கும். சியெனா ஊர்ப் பழைய ஓவியங்கள்ல மாதா முகம் பச்சையா இருக்கறதுக்கு இதுதான் காரணம். யாரும் அதைப் "பச்சை மாதா"ன்னு சொல்றதில்ல, பாருங்க. நாம பார்க்கற நிறமும் ஓவியர் நினைச்ச நிறமும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமில்ல.

[திரையில்: எண்ணெய் விளக்குச் சுடர், அதன் மேல் தட்டு]

சரி, புகைக்கரி. வீட்டுல கண்மை செய்யறதுக்கு விளக்குச் சுடர் மேல தட்டைக் கவிழ்த்து வெப்பாங்க இல்ல? கொஞ்ச நேரத்துல தட்டு கறுத்துடும். அதே வேலை ஒரு சின்ன ஆராதனைக் கூடத்துல இரவு பகலா முந்நூறு வருஷம் நடந்தா? காத்து சரியா கிடைக்காத சுடர், வெட்டாத திரி, இதுலதான் கரி அதிகம் வரும். தேன்மெழுகு கொஞ்சம் சுத்தமா எரியும். மாட்டுக் கொழுப்பு மெழுகுவத்தி புகையும்.

ஆனா வெறும் கரியைத் துடைச்சுட முடியுமே? முடியும். சிக்கல் எங்க வருதுன்னா, முகம் மங்கினதும் துடைக்காமலே அதுக்கு மேல புது வார்னிஷ் அடிப்பாங்க. கரி உள்ள மாட்டிக்கும். மறுபடி கரி, மறுபடி வார்னிஷ். வார்னிஷும் தன்னால பழுப்பாகும். நாலஞ்சு சுத்து போச்சுன்னா அது கறுப்பு முகம்தான்.

"அப்போ துணி மட்டும் ஏன் கறுக்கல? முகமும் கையும் மட்டும் ஏன்?" இது கமெண்ட்ல கண்டிப்பா வரும், நியாயமான கேள்வியும் கூட. மோன்செராட், ஐன்சீடல்ன் மாதிரி இடங்கள்ல சிலைக்கு நிஜத் துணியில அங்கி போடற பழக்கம் இருந்துச்சு. வெளிய தெரிஞ்சது முகமும் கையும்தான். தங்க முலாம் பூசின இடங்களை அடிக்கடி புதுப்பிச்சுடுவாங்க. ஆனா கண்ணோட வெள்ளை மட்டும் பளிச்னு இருந்து சுத்தித் தோல் மட்டும் ஒரே சீரா கறுப்பா இருந்தா, அது பெயிண்ட்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புகை கண்ணைத் தாண்டிப் போய் கன்னத்துல உட்காராது! கண்ணை மட்டும் அப்புறம் யாராவது தொட்டு வரைஞ்சிருக்காங்களான்னு பார்த்துட்டா போதும்.

[திரையில்: அசிசி, சிமாபுவே வரைந்த சிலுவைப்பாடு]

மூணாவது காரணம் வேதியியல். இத்தாலியில அசிசி மேல் ஆலயத்துல 1280 வாக்கில சிமாபுவே வரைஞ்ச சுவரோவியத்தைப் பாருங்க. முகம் கறுப்பு, வெளிச்சம் விழ வேண்டிய இடமெல்லாம் கறுப்பு. பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரியே! சுவர்ல பூசின ஈய வெள்ளை ஈரத்தோடயும் காத்தோடயும் வினை புரிஞ்சு கறுத்துப் போச்சு. எண்ணெயில குழைச்ச ஈய வெள்ளையை எண்ணெய் காப்பாத்தும், அதனால மரச்சிலையில இது அவ்வளவு சுலபமா நடக்காது. "ஈயம் கறுத்துடுச்சு"ன்னு ஒரே வார்த்தையில எல்லாக் கறுப்பு மாதாவையும் முடிக்கறவங்க இந்த வித்தியாசத்தைப் பார்க்கறதே இல்ல.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல அல்ட்ரா வயலட் விளக்கு. பழைய பிசின் வார்னிஷ் பச்சையா மினுங்கும், பிற்காலத்துல தொட்டுப் பூசின இடம் திட்டுத் திட்டா இருட்டாத் தெரியும். அடுத்தது எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ் கருவி. சிலையைத் தொடாமலே என்ன உலோகம்னு சொல்லிடும். ஈயம், பாதரசம் வந்தா அடியில ஈய வெள்ளையும் சாதிலிங்கமும், அதாவது ரோஸ் தோல். டைட்டானியம் நிறைய வந்தா அது டைட்டானியம் வெள்ளை, அந்தப் பூச்சு 20-ம் நூற்றாண்டோடதோ அதுக்கும் பிந்தினதோதான். கடைசியா, ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்துல ஒரு மில்லிமீட்டரை விடச் சின்னத் துணுக்கு எடுத்து, பிசின்ல பதிச்சு, பக்கவாட்டுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. வண்ணப் பூச்சுக்குள்ள கறுப்புத் துகள் சீரா கலந்திருந்தா அது வேணும்னே பூசினது, அதுல பாஸ்பரஸும் இருந்தா எலும்புக்கரி. பூச்சுகளுக்கு நடுவுல கோடு கோடா அழுக்கு படிஞ்சிருந்தா அது புகை.

[திரையில்: ஐன்சீடல்ன் மாதா, அலங்கார அங்கியுடன்]

இப்போ ஐன்சீடல்ன். 1798-ல பிரெஞ்சுப் படை சுவிட்சர்லாந்துக்குள்ள வந்தப்ப சிலையை மறைச்சு ஆஸ்திரியாப் பக்கம் கொண்டு போனாங்க. 1799-ல ப்ளூடென்ஸ் ஊர்ல ஃபூட்ஷர்ங்கற கலைஞர் கையில சீரமைப்பு வேலை. சுத்தம் பண்ணிப் பார்த்தா அடியில சாதாரணத் தோல் நிறம்! கறுப்புக்குக் காரணம் விளக்குப் புகைதான்னு அவர் பதிவு பண்ணார். முகத்தை வெளுப்பாவும் ஆக்கினார். ஆனா மக்கள் ஏத்துக்கல. "இது எங்க மாதா இல்ல." அதனால மறுபடி கறுப்பாவே பூசினாங்க. 1803-ல கோயிலுக்குத் திரும்பினது கறுப்பு மாதா.

என் கருத்து இங்கதான் இருக்கு, ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். புகை கொடுத்த கறுப்பு தற்செயல். 1799-க்குப் பிறகு பூசின கறுப்பு தற்செயல் கிடையாது. வெள்ளை முகத்தைக் கண்ணால பார்த்த பிறகும் கறுப்புதான் வேணும்னு ஒரு ஐரோப்பிய ஊர் தேர்ந்தெடுத்திருக்கு. அது சிலையோட வரலாறு. அதைச் சுரண்டி எடுத்துட்டு "அசலைக் கொடுத்துட்டோம்"னு சொல்றது, வரலாற்றுல ஒரு பக்கத்தைக் கிழிக்கற வேலை. சார்த்ர் விஷயத்துலயும் நான் கேள்வி கேட்டவங்க பக்கம்தான்.

[திரையில்: செஸ்டகோவா மாதா, கன்னத்துத் தழும்பு அருகில்]

அடுத்து போலந்து. இது சிலை இல்ல, லிண்டன் மரப்பலகையில வரைஞ்ச படம், சுமார் 122 செ.மீ. உயரம். இந்தக் கறுப்புக்குப் புகையை மட்டும் காரணம் காட்ட முடியாது. பைசாந்திய முறையில, அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசோட ஓவிய மரபுல, முகத்துக்கு முதல் பூச்சே கருமையா இருக்கும்: காவி, பச்சை மண், கறுப்பு. அதுக்கு மேல நெத்தி, மூக்கு, கன்னம்னு படிப்படியா சின்னச் சின்ன இடத்துல வெளிச்சம் ஏத்துவாங்க. இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு வர்ற முறை. மாநிறம் அந்த மரபுலயே இருக்கு.

கன்னத்துல தழும்பு தெரியுதா? 1430-ல மடத்தைக் கொள்ளையடிச்சவங்க படத்தை வாளால வெட்டினாங்க. சீரமைச்சப்போ வெட்டு தெரியற மாதிரியே விட்டாங்க. இந்தத் தழும்பைப் பிடிச்சுக்கோங்க, இப்போ கடல் தாண்டப் போறோம்.

1802, 1803-ல நெப்போலியன், கரீபியக் கடல்ல பிரான்ஸோட காலனியா இருந்த ஹைத்தியில அடிமைகளோட புரட்சியை அடக்க ஏறக்குறைய 5,000 போலந்து வீரர்களை அனுப்பினார். பெரும்பாலானவங்க மஞ்சள் காய்ச்சல்லயும் சண்டையிலயும் செத்துப் போனாங்க. சிலர் கட்சி மாறிப் புரட்சிக்காரங்க கூட நின்னாங்க. 1804-ல ஹைத்தி விடுதலை. 1805 அரசியல் சட்டத்துல 12-வது பிரிவு: எந்த வெள்ளைக்காரரும் இங்க எஜமானாவோ சொத்துக்காரராவோ காலடி வைக்கக் கூடாது. 13-வது பிரிவு: குடியுரிமை வாங்கின போலந்துக்காரங்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் விலக்கு. 14-வது பிரிவு: ஹைத்திக்காரங்க எல்லாருக்கும் இனி "கறுப்பர்"ங்கற ஒரே பொதுப் பேர்.

மூணையும் சேர்த்துப் படிங்க. போலந்துக்காரங்க சட்டப்படி கறுப்பர் ஆயிட்டாங்க! நிறங்கறது உடம்புல இருக்கறது, மாத்த முடியாததுன்னு உலகம் அடிச்சுப் பேசிக்கிட்டிருந்த காலத்துல, அடிமையா இருந்து எழுந்தவங்க அதை அரசியல் உறவா மாத்தி எழுதினாங்க. எத்தனை தடவை படிச்சாலும் எனக்குப் புல்லரிக்கும்.

செஸ்டகோவா மாதா? வண்ண அச்சுப் படமா ஹைத்தி வீடுகளுக்குள்ள போனா. அங்க ஆப்பிரிக்க வேர் கொண்ட வோடூ வழிபாட்டுல எஸிலி டான்டோர்ங்கற தாய்த் தெய்வத்துக்கு இந்தப் படம்தான் உருவம். கறுத்த முகம், மடியில குழந்தை, கன்னத்துல வெட்டுத் தழும்பு. உழைக்கற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் காவலா நிக்கற சண்டைக்காரத் தாய். பைசாந்திய ஓவிய மரபுல வந்த ஒரு மாநிறத்தை, கரும்புத் தோட்டத்து அடிமைகளோட பிள்ளைகள் தங்களோட நிறமாப் படிச்சிருக்காங்க.

[திரையில்: மாக்டபர்க் பேராலயம், புனித மொரீஸ்]

சந்தேகமே இல்லாம கறுப்பரா செதுக்கினதுன்னா, ஜெர்மனி மாக்டபர்க் பேராலயத்துல 1240–1250 வாக்கில செஞ்ச புனித மொரீஸ் கல்சிலை. இரும்பு வளையச் சட்டை போட்ட ஆப்பிரிக்க வீரர். மூக்கும் உதடும் உளியாலயே அப்படிச் செதுக்கினது. புகை மூக்கை மாத்தாது இல்லையா! "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்"ங்கற உன்னதப்பாட்டு வசனத்தை மாதாவுக்குப் பொருத்திப் பாடின மரபும் இடைக்காலத்துலயே இருந்துச்சு, அதனால கறுப்பைக் கும்பிட அவங்களுக்குத் தயக்கம் இருந்திருக்காது.

பிரேசில்ல அபரெசிதா மாதா: 1717-ல மீனவர்கள் வலையில ஆத்துலேர்ந்து வந்த 36 செ.மீ. சுடுமண் சிலை, வண்ணம் தண்ணியில போய் கருங்காவி நிறம். 1978-ல ஒருத்தர் தூக்கி எறிஞ்சு ஏறக்குறைய 200 துண்டாச்சு. திரும்ப ஒட்டினவங்க அந்தக் கருங்காவியையே வெச்சாங்க, சரியான முடிவு.

[திரையில்: பருத்திப் பஞ்சு சுற்றிய குச்சி, பழைய மரச்சிலை]

உங்க பங்குக் கோயில்ல பழைய மரச்சொரூபம் இருந்தா இதைக் கேட்டுக்கோங்க. திருவிழாவுக்கு முன்னாடி சோப்புத் தண்ணி போட்டுக் கழுவாதீங்க: அடியில இருக்கற பசையும் சாக்குப்பொடியும் தண்ணி குடிச்சு உப்பும், வண்ணம் செதில் செதிலா உரியும். எண்ணெய் தடவாதீங்க, அது தூசியையும் கரியையும் இழுத்துப் பிடிச்சுக்கும். கடையில வாங்கற எனாமல் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். மரம் மழைக்காலத்துல விரியும், வெயில்ல சுருங்கும். எனாமல் அது கூட சேர்ந்து அசையாது, வெடிக்கும், வெடிக்கறப்போ பழைய வண்ணத்தையும் பிடுங்கிக்கிட்டு வரும். மெல்லிய மென்மையான பிரஷ்ஷால தூசி தட்டுங்க. வண்ணம் தூக்கிக்கிட்டு நிக்கற இடத்துல அதுவும் வேண்டாம். மெழுகுவத்தி ஸ்டாண்டைச் சொரூபத்துக்கு நேர் கீழேர்ந்து தள்ளி வைங்க. முகத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தேதி எழுதி, பங்கு அலுவலகத்துல ஒரு பிரதி வைங்க. அடுத்து அதைத் தொடப்போற ஆளுக்கு அந்தப் போட்டோ வேணும்.