இழந்ததே அதிகம்!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, மழை மிரட்டியும் நாற்காலியை விடாத பெரியோர்களே, வணக்கம். வாழ்த்துப் பாட நேரமில்லை. மணி நடுவர் கையில் இருக்கிறது.

கொரோனா ஊரடங்கில் குழந்தைகள் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்பது தலைப்பு. இழந்ததே அதிகம் என்று சொல்ல வந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் உட்காரப் போகும்போது என்மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போனார். "பரீட்சையே எழுதாமல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ். இதைவிட என்ன லாபம் வேண்டும்? அந்த அம்மாவுக்குப் பொறாமை, அவர் படித்த காலத்தில் கொரோனா வரவில்லையே என்று!" நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கைகளை எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, அந்தப் பாஸ் எப்படி வந்தது தெரியுமா? 2020 மார்ச் 27 அன்று தேர்வு என்றார்கள்; பிள்ளை படித்தது. ஊரடங்கு வந்தது, தேர்வு தள்ளிப்போனது. ஜூன் 1 என்றார்கள், மறுபடியும் படித்தது. ஜூன் 15 என்றார்கள். மறுபடியும் முதல் பாடத்திலிருந்து. ஜூன் 9 அன்று, தேர்வே கிடையாது, எல்லோரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தார். மூன்று முறை இலை போட்டு, மூன்று முறையும் சோறு வைக்காமல் இலையை எடுத்த பந்தி அது. அண்ணன் அதற்கு ஏப்பம் விடுகிறார்!

மதிப்பெண் போட்ட கதை இன்னும் வேடிக்கை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். நம் பிள்ளைகளின் வழக்கம் என்ன? காலாண்டில் தூங்குவது, அரையாண்டில் புரண்டு படுப்பது, பொதுத் தேர்வுக்குப் பாய்ந்து எழுவது. பாயக் காத்திருந்த பிள்ளைக்குப் பாயில் கிடந்த காலத்தை வைத்து மதிப்பெண் போட்டுவிட்டார்கள்! இதில் நான் எதற்கு அண்ணே பொறாமைப்பட வேண்டும்?

எங்கள் தெருவில் ஒரு சிறுமி. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்றால், விண்ணப்பம் பள்ளிக்குப் போனது. பிள்ளை வீட்டில் இருந்தது. அவளுக்கு டீச்சர் என்றால் அப்பாவின் போனுக்குள் இருப்பவர். சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அதற்குள் அவள் இரண்டாம் வகுப்பு. வாசலில் டீச்சர் முகக்கவசத்தோடு நிற்கிறார், ஆசையாகக் கையை நீட்டுகிறார். சிறுமி அப்பாவின் சட்டைக்குப் பின்னால் ஒளிகிறாள். "இது எங்கள் டீச்சர் இல்லை!"

கவனியுங்கள். போனில் டீச்சருக்கு முகக்கவசம் கிடையாது, நேரில் உண்டு. முகக்கவசம் போட்டவரை மட்டுமே ஊர் நம்பிய காலத்தில், இவள் ஒருத்தி போட்டவரை நம்பவில்லை! டீச்சர் தன் பெயரைச் சொல்கிறார், நம்பவில்லை. "அறம் செய விரும்பு" என்று ஆத்திசூடி சொல்கிறார். குரல் தெரிகிறது, ஆனாலும் நம்பவில்லை. கடைசியில் டீச்சர் நாலடி பின்னால் போய் முகக்கவசத்தை இறக்கிக் காட்டுகிறார். சிறுமி உற்றுப் பார்க்கிறாள். "ஆமாம், டீச்சர்தான்." எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த நொடி அப்பாவின் காதில், "இவ்வளவு பெரியவரா? போனில் இத்தனைதானே இருந்தார்!" விரலால் அளந்தும் காட்டினாள். டீச்சருக்குக் கால் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும், நடுவர் அவர்களே! டீச்சர் எங்கே நடந்தாலும் பின்னாலேயே போய்க் காலைப் பார்த்தாளாம். செருப்பின் அளவையும் கேட்டாளாம். செருப்பு மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் அவள் அப்பா சொன்னது.

பாட்டியிடம் பல்லாங்குழி கற்றார்கள் என்றார் எதிரணித் தங்கை. கற்றார்கள், மறுக்கவில்லை. பாட்டியும் எத்தனை நாள்தான் வேண்டுமென்றே தோற்பார்?

சிரித்தது போதும். ஒரு பையன். வீட்டில் ஒரே போன், அது அப்பாவுடையது. காலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "உள்ளேன் டீச்சர்" என்று அனுப்பிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவான். பாடமும் வீட்டுப்பாடமும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான். 2021 மே, இரண்டாவது அலை. அப்பா மருத்துவமனைக்குப் போனார். போன் மட்டும் திரும்பி வந்தது. வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று குழுவில் "உள்ளேன் டீச்சர்" என்று வந்தது. மேலே அப்பாவின் பெயர், பக்கத்தில் அப்பாவின் படம். பதில் எழுத டீச்சருக்குக் கை வரவில்லை. படத்தை மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவனும் மாற்றவில்லை.

அதே மே மாதம் தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை. ஒருவரை இழந்திருந்தால் மூன்று லட்சம். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அண்ணே, அந்த மூன்று லட்சத்தையும் "பெற்றது" கணக்கில் எழுதிக்கொள்வீர்களா?

மணி அடிக்க வேண்டாம், நடுவர் அவர்களே. நானே உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.