ஜூலை ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். ‘உள்ளாட்சியில் மனிதவளம்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மனிதவள இயக்குநர் என்றால் கண்ணாடி அறை, சுழல் நாற்காலி எல்லாம் உங்கள் மனதில் வரலாம். நான் 33 வருஷம் வேலை பார்த்த நகராட்சியில் அந்த வேலைக்குப் பெயர் ‘சி1 சீட்’. ஒரு மர மேசை, இரண்டு இரும்பு பீரோ, பீரோ நிறையப் பணிப்பதிவேடுகள். ஒவ்வொரு ஊழியரின் பணி விவரத்தையும் எழுதி வைக்கிற புத்தகம் அது; எஸ்.ஆர். (சர்வீஸ் ரிஜிஸ்டர்) என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும். 1986-இல் தேர்வாணையம் மூலம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2019 மே 31-ஆம் தேதி மேலாளராக ஓய்வு பெற்றேன். நடுவில் வரி வசூல், கணக்கு என்று சுற்றினாலும் திரும்பத் திரும்ப அந்த பீரோவுக்கு முன்னால்தான் வந்து உட்கார்ந்தேன்.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். முதலில் பிறந்த தேதி.

அரசு ஊழியர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வயதானவர்களில் பாதிப் பேருக்கு மே மாதமோ ஜூன் மாதமோதான் பிறந்தநாளாக இருக்கும். சித்திரை வைகாசியில் மட்டுமா தமிழ்நாட்டில் குழந்தை பிறந்தது? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவோம். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் தலைமை ஆசிரியர். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது. முடிந்த மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். நான் பிறந்தது ஐப்பசியில். பதிவேட்டில் மே மாதம். அதனால்தான் எந்த அலுவலகத்திலும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பூமாலை வாங்கிக் கட்டாது. என் கூடவே அன்றைக்கு மூன்று பேர் மேடையில் உட்கார்ந்திருந்தோம், மூன்று பேருக்கும் காதைத் தொட்ட கதைதான்.

சரி, எனக்குப் போனது ஐந்து மாதச் சம்பளம். பெரிய இழப்பு இல்லை. பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு என்ன செய்வது? இங்கேதான் ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். துப்புரவுப் பணியாளர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். தூய்மைப் பணியாளர் என்ற பெயர் பிறகு வந்தது, அப்போது துப்புரவுப் பணியாளர்தான். கருணை அடிப்படையில் அவர் மனைவிக்கு வேலை. இடுப்பில் ஒரு பையனோடு வந்து நின்றார். பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளிச் சான்றிதழ் இல்லை. எப்போது பிறந்தாய் என்று கேட்டேன். “புயலடிச்ச வருசம், மார்கழியில. புயலடிச்சு மூணாம் நாளுன்னு எங்க ஆத்தா சொல்லும் ஐயா” என்றார். பாம்பன் பக்கத்து ஆள்.

தென்கோடியில் புயலடித்த வருஷம் என்றால் குழந்தைக்கும் தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி. தனுஷ்கோடியை, ரயிலோடு சேர்த்து, கடல் கொண்டுபோன ராத்திரி. எந்தச் சான்றிதழிலும் இவ்வளவு துல்லியமாகத் தேதி இருக்காது. ஆனால் நான் சின்னப் பையன், புது கிளார்க். ஆத்தா சொன்னதைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? விதிப்படி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். டாக்டர் ஆளைப் பார்த்தார். புருஷனைப் பறிகொடுத்து, வெயிலில் கருத்து, பட்டினியில் ஒட்டிப்போன முகம். ‘சுமார் 28 வயது’ என்று எழுதிக் கொடுத்தார். 88-இல் 28-ஐக் கழித்தால் 60. வருஷம் மட்டும் தெரிந்தால் ஜூலை 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும், அது விதி. 1.7.1960 என்று என் கையால், நல்ல குண்டு எழுத்தில் எழுதினேன். எண்ணிலும் எழுத்திலும். ஆணையாளர் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா பெருவிரல் வைத்தார். அவ்வளவுதான், 23 வயதுப் பெண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் நாலரை வயது கூடிவிட்டது.

இதை யார் கண்டுபிடித்தது தெரியுமா? இடுப்பில் இருந்த பையன். 2003-இல் அவன் பிளஸ் டூ. உதவித்தொகைக்கு ஏதோ சான்று வேண்டும் என்று அம்மாவோடு வந்தான். மேசையில் பதிவேடு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, “நீ அறுபதுலயா பொறந்த? ஆச்சி புயல் வருசம்னுல்ல சொல்லும்?” என்றான். எனக்குச் சுருக்கென்றது. எழுத்து என்னுடையது அல்லவா?

பிறந்த தேதியை மாற்ற வேண்டுமானால் பணியில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும். 1993-லேயே கதவு சாத்தியாகிவிட்டது. அந்த ஐந்து வருஷமும் ஆண்டுக்கு ஒருமுறை ‘பணி சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தியிருக்கிறோம். யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நானும்தான். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து மேலே அனுப்பினேன். காலம் கடந்தது, ஏற்க இயலாது என்று நாலு வரியில் திரும்பி வந்தது. விதி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கெடு இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வருஷத்தில் எல்லோருமே இளமை திரும்பி வந்து நிற்பார்கள், அப்படி நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு ஜூன் 30. பதிவேட்டுப்படி வயது முடிந்தது, ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தின மாதக் கடைசி நாளிலேயே போய்விட வேண்டும். மாலையைப் போட்டபோது அந்த அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஐயா எழுதி வச்ச பொறந்தநாளு நாளைக்குத்தான? நாளைக்கும் ஒருநாள் வேலை பாத்துட்டுப் போறேனே?” எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் முடித்ததால் ஓய்வூதியம் முழுசாக வந்தது, அதில் குறை இல்லை.   ஆனால் அவர் ஆத்தா சொன்ன தேதியை நான் எழுதியிருந்தால் இன்னும் நாலரை வருஷம் வேலை. நாலரை வருஷச் சம்பளம், நேயர்களே. நாலரை வருஷம். ஒரு வரி எழுத்து.

கதையிலேயே நேரம் போய்விட்டது. இரண்டாவது விஷயம், உங்கள் பதிவேட்டை நீங்களே பாருங்கள். கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் பக்கத்தில் போட்டோ, உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். மச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. பிறந்த தேதி, வாரிசு நியமனம், கடைசியில் விடுப்புக் கணக்கு, மூன்றையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரை வாரிசாக எழுதிக் கொடுத்துவிட்டு, கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் மாற்றாதவர்கள் நிறையப் பேர். அப்புறம் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு மனுவோடு சி1 சீட்டுக்கு முன்னால் நிற்பார்கள். இப்போது அரசுத் துறைகளில் பதிவேடு கணினிக்குள் போய்விட்டது, ‘களஞ்சியம்’ செயலியில் கைபேசியிலேயே பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் பழைய புத்தகத்தில் தப்பாக இருந்தது கணினியிலும் தப்பாகத்தான் ஏறியிருக்கும். பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, இரண்டு நிமிஷம்தான் பாக்கி என்று இரண்டு விரல் காட்டுகிறார் ஒலிப்பதிவு செய்கிற தம்பி. இடமாறுதல், கவுன்சிலர் சிபாரிசு பற்றியெல்லாம் நாலு பக்கம் குறித்து வைத்திருந்தேன், அதை மடித்து வைத்துவிடுகிறேன். மூன்றாவது விஷயத்தை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு வருகிறவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்து ஆள். அவருக்கு எந்த பீரோவிலும் பணிப்பதிவேடு கிடையாது. பிறந்த தேதி தப்பாக எழுதக்கூட ஒரு பக்கம் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு பி.எஃப். எண், அதாவது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண், அதுவும் இருந்தால். ஆதாரில் ஒரு தேதி, பி.எஃப்.-இல் ஒரு தேதி என்று இருந்தால் பணம் எடுக்கப் போகும்போது நின்றுவிடும். அந்தப் பாம்பன் அம்மாவின் பேத்தியே இப்போது அப்படி ஒப்பந்தத்தில்தான் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளுடைய பி.எஃப். எண்ணைக் கைபேசியில் போட்டுப் பார்த்தோம். அதில் அவள் பிறந்த தேதி என்ன போட்டிருந்தது என்றால்... ஒரு விரல் காட்டிவிட்டார். ஜனவரி ஒன்று. திருத்தப் படிவம் கொடுத்திருக்கிறோம். வணக்கம்.