ஓட்டியவர் மட்டுமா பொறுப்பு?

(நாமக்கல்லில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, லாரித் தொழிலில் இருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

லாரி விபத்தைப் பற்றி நாமக்கல்லில் பேசுவது மற்ற ஊர்களில் பேசுவதைப் போல இல்லை. இங்கே வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், ஓட்டுபவர்கள் இருக்கிறீர்கள், பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் இருக்கிறீர்கள். லாரி மோதி வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்களும் வந்திருக்கிறீர்கள். சில குடும்பங்களில் அண்ணன் லாரி முதலாளியாக இருப்பார், தம்பி மகன் லாரியில் அடிபட்டவனாக இருப்பான். அதனால் யாரையும் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. விபத்துக்குப் பிறகு யார் பணம் தர வேண்டும், அதை எப்படிக் கேட்டு வாங்குவது, எங்கே ஏமாந்து போகிறோம் என்பதைத்தான் பேசப் போகிறேன்.

விபத்து நடந்ததும் கூட்டம் முதலில் ஓட்டுநரைத் தேடும். அவர் சட்டையைப் பிடித்தால் நியாயம் கிடைத்துவிட்டதாக நினைப்போம். சட்டம் அவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் அந்த நேரத்தில் முதலாளியின் வேலையாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆகவே அவருடைய கவனக்குறைவுக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். அந்த முதலாளியின் பொறுப்பை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146ஆவது பிரிவில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் பொது இடத்தில் ஓடக் கூடாது என்று சொல்வது வண்டியைக் காப்பாற்ற அல்ல. ரோட்டில் போகிற முன்பின் தெரியாத ஒருவரின் குடும்பத்தைக் காப்பாற்ற.

இங்கே இரண்டு வழக்குகள் தனித்தனியாக ஓடும். பலர் ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, போலீஸ் போடும் குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் வருகிறது. தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து ஆண்டு வரை சிறை என்ற அதன் இரண்டாம் உட்பிரிவை எதிர்த்து அந்த வருட ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த உட்பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்னொன்று, நீங்கள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் எம்.சி.ஓ.பி., அதாவது இழப்பீட்டு மனு. குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு செத்துப் போகாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். “அவனையே விட்டுட்டாங்க, நமக்கு என்ன வரப்போகுது” என்று கேஸ் போடாமலே உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதல் சில நாட்களில்தான் பெரிய இழப்புகள் நடக்கின்றன. குடும்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருக்கும். அப்போது இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். வண்டிக்காரர் தரப்பில் ஒருவர், “செலவுக்கு வெச்சுக்குங்க, கேஸ் எதுக்கு” என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்பார். இன்னொருவர் புரோக்கர். “வர்ற பணத்துல இத்தனை சதவீதம் கொடுத்தா போதும்” என்பார். இரண்டு பேரிடமும் கையெழுத்துப் போட வேண்டாம். வரும் தொகையில் பங்கு பேசிக்கொண்டு வழக்கு நடத்துவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. எங்கள் தொழிலில் இது நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நடக்கிறது, அது தப்பு, அதைக் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியது காகிதம் சேர்ப்பது. எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் காப்பி, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை அல்லது காயச் சான்று, சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துக் கொடுத்த அறிக்கை. எஃப்.ஐ.ஆரில் வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா, உண்மையில் ஓட்டியவர் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி மோதியிருப்பார், லைசென்ஸ் உள்ள வேறொருவர் ஸ்டேஷனில் போய் நிற்பார். இந்த ஆள்மாறாட்டம் பின்னால் வெளிப்பட்டால் உங்கள் வழக்கும் சேர்ந்து ஆட்டம் காணும். முடிந்தால் சம்பவ இடத்தையும் வண்டியையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். லாரியின் பின்பக்கம் கட்டாயம் எடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போலீஸுக்கும் இதில் கடமை இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் வந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நாட்டில் எல்லா இடத்திலும் இதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆகவே ஸ்டேஷனில் போய் அந்த அறிக்கை எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதே 2022 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. அது எப்படி முடிந்தாலும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வழக்கறிஞரைப் பாருங்கள். விபத்து ஒடிசாவில் நடந்திருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

சரி, எவ்வளவு பணம் கிடைக்கும்? எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதை வகுத்தது. 32 வயதுக் கொத்தனார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தார். வருங்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்பதற்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள்: 25,200. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழிப்பார்கள்: 18,900. வருடத்துக்கு 2,26,800. இந்த வருடத் தொகையை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; அவர் வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 16. மொத்தம் 36,28,800 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, மனைவி மக்களும் தாயும் இழந்த துணைக்கான தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி.

இப்போது இதே கொத்தனாருக்கு வருமானத்தைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை, தீர்ப்பாயம் தானாக 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அதே கணக்கில் 20,16,000தான் வரும். பதினாறு லட்சம் குறைந்துவிட்டது. அந்த மனிதரின் உழைப்பு குறைந்துவிடவில்லை, காகிதம்தான் இல்லை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான். காலமெல்லாம் ரொக்கமாகக் கூலி வாங்கி ரொக்கமாகச் செலவு செய்தவர்களின் உயிர்தான் கடைசியில் மலிவாகிப் போகிறது. அதனால் சொல்கிறேன், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பித்து வையுங்கள். கூலியைப் பேங்கிலோ ஜிபேயிலோ வாங்குங்கள். மேஸ்திரியின் கணக்கு நோட்டும் சாட்சிதான், அவரைக் கோர்ட்டுக்கு வந்து சொல்ல வையுங்கள்.

காயம்பட்டவர்களுக்கு இன்னொரு விஷயம். மருத்துவர் 60 சதவீத ஊனம் என்று சான்று தருவார். வருமான இழப்பும் 60 சதவீதம் என்று அர்த்தமில்லை. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு கை போன ஆபீஸ் குமாஸ்தா தன் வேலையில் தொடரலாம்; அதே கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விட்டது, அவருக்கு அது கிட்டத்தட்ட 100 சதவீத இழப்பு. உங்கள் வேலை என்ன, அதற்கு எந்த உறுப்பு வேண்டும் என்பதைச் சாட்சியத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

லாரியின் பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன் அல்லவா? நெடுஞ்சாலையில் ராத்திரி விளக்குப் போடாமல், எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல் நிறுத்திய லாரியின் பின்னால் பைக்கும் காரும் போய் மோதுவதை நாம் மாதம் தவறாமல் பார்க்கிறோம். உடனே “பின்னால் வந்து மோதினவன் மேல்தான் தப்பு” என்பார்கள். சட்டம் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. நடுரோட்டில் எச்சரிக்கை விளக்கில்லாமல் நின்ற டேங்கர் லாரி மீது கார் மோதிய வழக்கில், பொறுப்பு முழுவதும் லாரித் தரப்பின் மேல்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின் விளக்கு எரிந்ததா, ஒளிரும் ஸ்டிக்கர் இருந்ததா, வண்டி எவ்வளவு தூரம் ரோட்டுக்குள் நின்றது என்பதற்கு உங்கள் படம்தான் சாட்சி. லாரிக்காரர்களே, டயர் வெடித்து நின்றால் கல்லையும் மரக்கிளையையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்கப் பார்க்கும் வழிகள். லைசென்ஸ் போலி, பெர்மிட் இல்லை என்பார்கள். இறந்தவர் ரோட்டில் போன மூன்றாம் நபராக இருந்தால் பயப்பட வேண்டாம். 2004இல் ஸ்வரண் சிங் வழக்குக்குப் பிறகு, கம்பெனி முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போடுகிறார்கள். பெர்மிட் இல்லாத வண்டிக்கும் 2018இல் அப்படியே சொன்னார்கள். குடும்பத்துக்கு இது நிம்மதி. முதலாளிக்கு இது வீடு வாசலை விற்கும் விஷயம். டிரைவரை வேலைக்கு வைக்கும்போது லைசென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்து, நகல் எடுத்து, வண்டியை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கவனத்தைக் காட்டினால் நீதிமன்றம் உங்கள் பக்கத்தைக் கேட்கும். வண்டியை விற்றுவிட்டால் ஆர்.சி.யில் பெயரை மாற்றாமல் விடாதீர்கள். காகிதத்தில் உங்கள் பெயர் இருக்கும் வரை நீங்கள்தான் உரிமையாளர், அதுவும் 2018 தீர்ப்புதான்.

ஆனால் ஒரு இடத்தில் கம்பெனி உண்மையிலேயே தப்பித்துவிடும். லோடு வண்டியில் ஆள் ஏற்றுவது. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, காட்டு வேலைக்கு என்று நாற்பது பேர் ஏறிப் போகிறோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ என்றால் உண்டு. மற்றவர்களுக்குத் தீர்ப்பு வந்தாலும் அந்தச் சின்ன வண்டிக்காரரிடம்தான் வசூலிக்க வேண்டும். அவரிடம் என்ன இருக்கும்? பஸ் வசதி இல்லாத ஊர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது தெரியாமல் பிள்ளைகளை ஏற்றி அனுப்பக் கூடாது.

மோதிய லாரி எதுவென்றே தெரியாமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது. அரசின் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000மும் உண்டு. வருவாய்த் துறையில் மனு கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். 2025 மே மாதம் அறிவித்த மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே கேளுங்கள்.

ஓட்டுநர் நண்பர்களுக்கும் கிளீனர்களுக்கும். உங்களுக்கும் இழப்பீடு உண்டு. உங்கள் மேல் தப்பே இருந்தாலும், வேலையின்போது அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு கேட்கலாம். யாருடைய தவறு என்று அங்கே பெரும்பாலும் பார்ப்பதில்லை. எதிரே வந்த வண்டியின் மேல் தப்பு என்றால் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இரண்டில் ஒன்றுதான், எது உங்களுக்கு அதிகம் தரும் என்று கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். தூக்கமில்லாமல் இரண்டு நாள் ஓட்டச் சொல்பவர் யார்? அதிக லோடு ஏற்றி அனுப்புபவர் யார்? 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று சட்டம் வந்துவிட்டது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000மும் அபராதம் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு, ஓட்டியவரோடு நிற்காமல் ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே பேசுகிறது. விபத்துக்குப் பிறகு எடைச் சீட்டையும் டிரிப் ஷீட்டையும் கேட்டு வாங்குங்கள். அதை வழக்கில் சேர்த்தால்தான் தீர்ப்பாயம் அந்த முதலாளியை நிமிர்ந்து பார்க்கும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்பவர்களுக்கு: பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. கணவரை இழந்த எந்தப் பெண்ணும் இதில் வருவார். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசக் கூப்பிட்டால் போங்கள், பல குடும்பங்களுக்கு அங்கே பணம் சீக்கிரம் வந்திருக்கிறது. போகும் முன் நான் சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துப் போங்கள். கம்பெனி சொல்லும் தொகை அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் கொண்டுவந்திருப்பவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.