க்ரீன் பேயில் ஒரு தேர்

(பொங்கல் விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் வணக்கம். மில்வாக்கியிலிருந்து நூறு மைலுக்கு மேல் இந்தப் பனியில் கார் ஓட்டி வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் பேராசிரியர் அம்மா அவர்களுக்குத் தனி வணக்கம். முதல் வரிசையில் வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களுக்கும், நான் பேசுவதை அவர் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் நம் பள்ளி மாணவிக்கும் வணக்கம். பாப்பா, நான் வேகமாகப் போனால் கையைத் தூக்கு, நிறுத்துகிறேன். காலை நாலு மணிக்கே அடுப்பு மூட்டிய சமையல் குழுவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? வெண்பொங்கலில் முந்திரியை எண்ணிப் போடவில்லை, அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பறை அடித்த இளைஞர்களுக்கும், கோலம் போட்ட தாய்மார்களுக்கும் வணக்கம். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களைக் கடைசியில் சொல்கிறேன். என் பேச்சு போய் நிற்கப்போவது அவர்களிடம்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அமெரிக்கக் கால்பந்தும் ஒரு ரசிகனும்’. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, ரசிகர்கள். இரண்டு, அணி யாருக்குச் சொந்தம் என்பது. மூன்று, ஆட்டக்காரர்களின் தலைக்காயமும் அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும். ஊர் கூடித் தேர் இழு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். பெயர்தான் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. நூறு கஜ மைதானம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பத்து கஜம் ஆயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால், 2024 வரை பத்து கஜச் சங்கிலியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து அளந்தார்கள். நம் ஊரில் நிலத்தகராறு வந்தால் சர்வேயர் வருவாரே, அப்படி. எழுபதாயிரம் பேர் அந்தச் சங்கிலியைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 17 ஆட்டம், அதில் சொந்த ஊரில் எட்டோ ஒன்பதோ. அதனால்தான் ஒவ்வோர் ஆட்டமும் திருவிழாவாகிறது. தினமும் தேர் ஓடினால் யார் வடம் பிடிக்க வருவார்கள்?

ரசிகர்கள் என்றேன். 1991 ஜனவரி, சூப்பர் பௌல், அதாவது அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டி. நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பஃபலோ பில்ஸ் 19. கடைசி நொடிகளில் 47 கஜத்திலிருந்து பஃபலோவின் ஸ்காட் நார்வுட் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு வலது பக்கம் விலகிப் போனது. கோப்பை போயிற்று. மறுநாள் அணி ஊர் திரும்பியது. பஃபலோ நகரச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி என்ன கத்தினார்கள் தெரியுமா? “ஸ்காட்டைக் கூப்பிடு, ஸ்காட்டைக் கூப்பிடு!” திட்டுவதற்கு இல்லை, அணைத்துக்கொள்ள. அவர் கண்ணீரோடு மைக் முன்னால் வந்து நின்றார். தோற்ற மறுநாள் ஓர் ஊர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நான் அதில்தான் படித்தேன்.

பிட்ஸ்பர்க் அணி ரசிகர்கள் கையில் மஞ்சள் துண்டு சுழலும். 1975இல் மைரன் கோப் என்ற வர்ணனையாளர் தொடங்கிய பழக்கம். அந்தத் துண்டின் உரிமையை அவர் 1996இல் அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களைப் பராமரிக்கும் ஒரு பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றும் ஒரு துண்டு விற்றால் பணம் அங்கே போகிறது. ஒரு பள்ளிக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நம் விஸ்கான்சின் சீஸ்ஹெட் கதை இங்கே பலருக்குத் தெரியும். பக்கத்து மாநிலத்து இல்லினாய்க்காரர்கள் நம்மைப் பாலாடைக்கட்டித் தலையர்கள் என்று கேலி செய்ய வைத்த பெயர் அது. 1987இல் ரால்ஃப் புரூனோ தன் அம்மாவின் சோபா பஞ்சை முக்கோணமாக வெட்டி, பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சள் வண்ணம் அடித்து, தலையில் வைத்துக்கொண்டு மில்வாக்கியில் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனார். வசைச் சொல்லைக் கிரீடமாக மாற்றிவிட்டார் மனிதர்! இன்று அது இல்லாமல் நம் மாநிலத்து க்ரீன் பே ஊரின் அணியான பேக்கர்ஸ் ஆட்டமே கிடையாது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் முதல்முதலாகப் பேக்கர்ஸின் மைதானமான லாம்போ ஃபீல்டுக்குப் போனது ஒரு டிசம்பர் ஞாயிறு. பேக்கர்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும் ஆட்டம். இந்த இரண்டு அணிக்கும் பகை 1921இலிருந்து. அலுவலக நண்பருக்கு வேறு வேலை வந்துவிட்டதால் டிக்கெட் என் கைக்கு வந்தது. அந்த டிக்கெட்டின் அருமை அப்போது எனக்குத் தெரியாது. க்ரீன் பேயில் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம், சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் 1,40,000 பேருக்கு மேல். பிள்ளை பிறந்ததும் பட்டியலில் பெயர் எழுதுகிற குடும்பங்கள் உண்டு.

மைனஸ் 15 டிகிரி. வீட்டில் ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சாம்பாரும், டப்பாவில் இட்லியும் கொடுத்தனுப்பினார்கள். லாம்போவைச் சுற்றி இருப்பதெல்லாம் சாதாரணக் குடியிருப்புகள். ஆட்டத்தன்று வீட்டுக்காரர்கள் தங்கள் முன்புறப் புல்தரையிலேயே காசு வாங்கிக்கொண்டு கார் நிறுத்த விடுவார்கள். நான் போன வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பச்சைக் குல்லாயோடு நின்று, கையைக் காட்டிக் காட்டிக் கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். நான் காரை விட்டு இறங்கினேன். அவர் என் காலைப் பார்த்தார். சாதாரண ஷூ. ஒன்றும் சொல்லாமல் கேரேஜுக்குள் போய் ஒரு பெரிய அட்டைத் துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். “சிமெண்ட் தரை காலின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். உட்காரும்போது இதைக் காலுக்கு அடியில் போட்டுக்கொள்” என்றார்.

அப்புறம் கேரேஜுக்குள் கூப்பிட்டார். அங்கே ஏழெட்டுப் பேர், அடுப்பில் பீரில் வெந்துகொண்டிருக்கும் சாசேஜ், வெங்காயம். நான் சாம்பாரைத் திறந்தேன். ஆவி பறந்தது. அந்தக் குளிரில் பெருங்காய வாசனை என்னமாய் எழும்பியது தெரியுமா? காகித டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பாட்டி குடித்தார், கண்ணை மூடினார், டம்ளரை மறுபடி நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் இட்லியைச் சாசேஜோடு வைத்துக் கடித்தார். அது அவர் பாடு.

சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பத்திரம் மாட்டியிருந்தது. பட்டதாரிச் சான்றிதழ் என்று நினைத்தேன். “எங்கள் அப்பா 1950இல் வாங்கிய பேக்கர்ஸ் பங்கு. 25 டாலர்” என்றார். இப்போது அதன் விலை என்ன, வருஷத்துக்கு எவ்வளவு வருகிறது என்று நான் விசாரித்தேன். நம் புத்தி அப்படித்தானே போகும். “ஒன்றும் வராது. விற்கவும் முடியாது. ஆனால் அந்த அணி எங்களுடையது” என்றார். சொல்லும்போது அந்த அம்மாவின் முதுகு நிமிர்ந்த நிமிர்வை இன்னும் நான் மறக்கவில்லை.

ஆட்டம் முடிந்து திரும்பி வந்தால், என் காரின் சக்கரங்கள் பனியில் புதைந்து கிடக்கின்றன. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை. பாட்டி ஒரு விசில் அடித்தார். கேரேஜிலிருந்து நாலு பேர் வந்தார்கள். தெருவில் போனவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கடைசியாக வந்து தோள் கொடுத்தவர் யார்? கருநீலச் சட்டை போட்ட சிகாகோ ரசிகர்! பச்சையும் நீலமும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ள, கார் மேலேறி ரோட்டுக்கு வந்தது. எங்கள் ஊர்த் தேர் ஒருமுறை தெற்கு வீதித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டபோது, எதிர்த்தெரு ஆட்கள் வந்து சன்னக்கட்டை போட்டு நெம்பிக் கொடுத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே சத்தம், அதே மூச்சு. ஊர் கூடித் தேர் இழு!

(கைதட்டல்)

அந்தப் பத்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1919இல் கர்லி லாம்போ என்ற இளைஞர் தான் வேலை செய்த, இறைச்சியை டின்னில் அடைக்கும் ‘பேக்கிங்’ கம்பெனியில் ஆட்டக்காரர்களின் சட்டைக்காக 500 டாலர் வாங்கி அணியைத் தொடங்கினார். பேக்கர்ஸ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பணம் தீர்ந்தது. 1923இல் பங்கு 5 டாலர் என்று ஊர்க்காரர்களிடமே விற்றார்கள். ரசிகர் ஒருவர் இருக்கை வரிசையிலிருந்து விழுந்து, வழக்குப் போட்டு, அணி திவாலாகும் நிலைக்கு வந்தபோது 1935இல் மறுபடி. 1950இல் மறுபடி. அந்த முறை ரைட்ஸ்டவுன் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைப் பெண்மணி தீப்பெட்டி நிறையக் கால் டாலர் காசுகளாக 25 டாலரைக் கொண்டுவந்து ஒரு பங்கு கேட்டதாகச் சொல்கிறார்கள். தீப்பெட்டியில், அம்மா! 1997, 2011, 2021 என்று இன்னும் மூன்று முறை விற்றார்கள். கடைசி விலை 300 டாலர். இன்று பங்குதாரர்கள் 5,37,000 பேருக்கு மேல். லாபப் பங்கு கிடையாது. யாரும் 2 லட்சம் பங்குக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. என்றைக்காவது அணியை விற்றாலும் பணம் அறக்கட்டளைக்குத்தான் போகும். 32 அணிகளில் இப்படி இருப்பது இது ஒன்றே. மற்றதெல்லாம் கோடீஸ்வரக் குடும்பங்களின் கையில். புதிதாக இன்னோர் ஊர் இப்படிச் செய்ய லீக் விதியே இடம் கொடுப்பதில்லை. அது தவறான விதி என்று நான் எங்கேயும் சொல்வேன்.

அந்தச் சின்ன ஊர்தான் வேறு எந்த அணியையும்விட அதிகமாக, 13 முறை சாம்பியன். தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று 1961இல் முடிவானதும் இதற்கு ஒரு காரணம். நியூயார்க்குக்கு என்ன பங்கோ அதே பங்குதான் க்ரீன் பே ஊருக்கும். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டிலும் போன வருஷம் கடைசியில் நின்ற அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. பந்தியில் பசித்தவனுக்கு முதல் இலை.

அணி ஊருக்குச் சொந்தமில்லாவிட்டால் என்ன ஆகும்? பால்டிமோரைக் கேளுங்கள். 1984 மார்ச் 28 இரவு. கோல்ட்ஸ் அணியின் உரிமையாளர் லாரிகளை வரவழைத்து, ஹெல்மெட் முதல் மேசை நாற்காலி வரை ஏற்றி, இரவோடு இரவாக இண்டியானாபொலிசுக்குக் கிளப்பிவிட்டார். ஊர் கண் விழித்தபோது அணி இல்லை. ஆனால் அந்த அணியின் பேண்டு வாத்தியக் குழு கலையவில்லை. தங்கள் சீருடைகளை ஒரு கல்லறை மண்டபத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அணியே இல்லாமல், புது அணி வந்த 1996 வரை வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவையோரே, அந்த வாத்தியக் குழு யார் தெரியுமா? இதோ உட்கார்ந்திருக்கும் நம் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள். பதினோரு வருஷத்தில் பள்ளி நான்கு இடம் மாறிவிட்டது. ஒவ்வோர் இடமும் வாடகை. போன ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தகவல் வந்தது, அடுத்த வாரம் முதல் அறை கிடையாது என்று. அறுநூறு புத்தகங்கள், கரும்பலகை, குழந்தைகள் செய்த அட்டைக் கோபுரம் எல்லாம் இப்போது என் கேரேஜில் இருக்கின்றன. ஆசிரியர்கள் ஒரு வாரம்கூட வகுப்பை நிறுத்தவில்லை. ஒருவர் வீட்டு நடு அறையில் அ, ஆ நடக்கிறது. இன்னொருவர் வீட்டு மாடிப்படியில் திருக்குறள் நடக்கிறது.

தலைக்காயம் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அதை இன்னொரு நாள் முழு நேரமும் பேச வேண்டும். இன்றைக்கு இருக்கிற ஐந்து நிமிஷத்தைப் பள்ளிக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பள்ளிக்குச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும். அதற்கு ஒரு பணக்காரரைத் தேடிப் போக வேண்டாம் என்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் மனம் மாறினால், ஊர் மாறினால், லாரி வந்து நிற்கும். நமக்கு வேண்டியது பங்கு. ஒரு பங்கு 300 டாலர். வட்டி கிடையாது, லாபம் கிடையாது, சுவரில் கல்வெட்டு கிடையாது. ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் கொடுக்கப் போவதில்லை. எத்தனை பங்கு வாங்கினாலும் ஓட்டு ஒன்றுதான். பத்திரத்தை நம் பிள்ளைகளே கையால் வரைந்து கொடுப்பார்கள். மொத்தமாக முடியாதவர்கள் மாதம் 25 டாலராகக் கொடுக்கலாம். தீப்பெட்டியில் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம். ஊர் கூடித் தேர் இழு என்று மேடையில் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை, வடத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

பந்தி நடக்கும் கூடத்துக்கு வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். முதல் இரண்டு பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன: ஒன்று என் மனைவி, இன்னொன்று அந்தக் க்ரீன் பே பாட்டி. போன வாரம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன், மறுநாளே காசோலை அனுப்பிவிட்டார். சாம்பார் எப்போது என்றும் கேட்டிருக்கிறார். பெயர் எழுதும் தாளை அவர் அன்று கிழித்துக் கொடுத்த அந்த அட்டையின் மேல்தான் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். பேனா இரண்டு இருக்கிறது.

நன்றி. வணக்கம்.