470 ஆட்டங்கள்: எஸ்தர் வெர்கேரின் சக்கரங்கள்

அவையில் கூடியிருக்கும் டென்னிஸ் அன்பர்களுக்கு வணக்கம்.

2003 ஜனவரி 30 அன்று சிட்னியில், ஆஸ்திரேலியாவின் டேனியலா டி டோரோவிடம் நெதர்லாந்தின் சக்கர நாற்காலி டென்னிஸ் வீராங்கனை எஸ்தர் வெர்கேர் தோற்றார். அதன்பின் ஒற்றையர் ஆட்டத்தில் அவரை யாரும் வீழ்த்தவில்லை. 2013 பிப்ரவரியில் ஓய்வை அறிவிக்கும்போது தொடர் வெற்றிகளின் கணக்கு 470. அந்தப் பத்தாண்டில் அவர் எதிர்கொண்டவர்கள் 73 பேர். பறிகொடுத்தது 18 செட்கள். 95 ஆட்டங்களில் எதிராளிக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை.

சக்கர நாற்காலி டென்னிஸில் போட்டியே குறைவு, அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. பாராலிம்பிக்கில் 1992 பார்சிலோனா முதல் டோக்கியோ வரை மகளிர் ஒற்றையர் தங்கம் ஒவ்வொரு முறையும் நெதர்லாந்துக்கே போனது. உலகத்திலேயே கடினமான எதிராளிகள் வெர்கேரின் சொந்த நாட்டில்தான் இருந்தார்கள். கோரி ஹோமன், யிஸ்கே கிரிஃபியூன், அனீக் வான் கூட் மூவருமே டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் பட்டம் வென்றவர்கள். அவர்கள் நடுவில்தான் இவர் பத்தாண்டு தோற்காமல் ஆடினார்.

எப்படி முடிந்தது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய அடிகள் நல்லவை. ஆனால் வெற்றி விளைந்தது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, நாற்காலியை அவர் ஓட்டிய விதத்தில்.

1981இல் வூர்டன் என்ற ஊரில் பிறந்தவர். எட்டு வயதில், முதுகுத்தண்டைச் சுற்றியிருந்த ரத்தக்குழாய்க் கோளாறுக்கு நடந்த அறுவை சிகிச்சைக்குப் பின் கால்கள் செயலிழந்தன. மறுவாழ்வுப் பயிற்சியில் பல விளையாட்டுகளைக் கற்றார். கூடைப்பந்தில் நாட்டு அணி வரை போய், 1997இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். இந்தக் கூடைப்பந்தைத் தயவுசெய்து கவனியுங்கள். அங்கே நாற்காலி நிற்கவே நிற்காது. நெருக்கடியில் சட்டென்று திரும்ப வேண்டும், பின்னால் வர வேண்டும், மறுபடி முன்னே பாய வேண்டும். டென்னிஸுக்கு முழுநேரமாக வந்தபோது இந்தப் பழக்கம் கைகளில் ஊறியிருந்தது.

விதிகளில் பெரிய வேறுபாடு ஒன்றுதான்: பந்து இரண்டு முறை தரையில் படலாம். முதல் துள்ளல் கோட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது வெளியே விழுந்தாலும் சரி. நாற்காலி உடம்பின் பகுதியாகவே கருதப்படும், ஆகவே பந்து அதில் பட்டால் புள்ளி போய்விடும். அடிக்கும்போது இருக்கையிலிருந்து எழும்பக் கூடாது. காலால் தரையை ஊன்றி நாற்காலியை நிறுத்தவும் கூடாது.

இரண்டாம் துள்ளல் ஒரு சலுகை என்று புதியவர்கள் நம்பி ஏமாறுகிறார்கள். அதற்காகக் காத்திருந்தால் ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் பல அடிகள் தள்ளிப் போக நேரும், பந்தும் தாழ்ந்துவிடும், எதிராளிக்கு நிலைக்கு வர நேரம் கிடைத்துவிடும். அங்கிருந்து எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து தற்காப்புப் பந்துதான். முன்கூட்டியே வந்து சேர்கிறவர் ஒரே துள்ளலில் அடிக்கிறார். அப்படி வந்து சேரச் சக்கரம் ஏற்கெனவே உருண்டுகொண்டிருக்க வேண்டும்.

மிதிவண்டியில் முதல் மிதிதான் பாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாற்காலியும் அப்படியே. நின்ற நிலையிலிருந்து கிளம்பப் பெரிய தள்ளல்கள் இரண்டு மூன்று தேவை. ஆகவே பந்தை அடித்துவிட்டு அது எங்கே விழுகிறது என்று நின்று பார்ப்பது மிகப் பெரிய பிழை. கற்றவர் அடித்த வேகத்திலேயே நாற்காலியைத் திருப்பி, பேஸ்லைனுக்குப் பின்னால் சில அடி தள்ளியுள்ள தன் நடு இடத்தை நோக்கி உருள்வார். பல சமயம் வலைக்கு முதுகு காட்டித் திரும்புவார். பந்தைத் தோளுக்கு மேலாகப் பார்ப்பார். பார்வையாளருக்கு விசித்திரமாகத் தெரியும். ஆனால் அந்தத் திருப்பத்தில் உருளல் அறுபடுவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல், ஒரு கையில் ராக்கெட் இருக்கிறது. அந்தக் கையின் உள்ளங்கை அடிப்பகுதியாலும் ராக்கெட் பிடியாலும் சேர்த்துத்தான் சக்கரத்தின் தள்ளுவளையத்தை அழுத்த வேண்டும். பிடி வழுக்கினால் அந்தப் பக்கம் தள்ளல் குறைந்து நாற்காலி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். பந்தில்லாமல், ராக்கெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நேர்கோட்டிலும் எட்டு வடிவத்திலும் ஓட்டிப் பழகாதவருக்கு இந்தக் கோளாறு ஆட்டத்தின் நடுவில்தான் தெரியவரும். பயிற்சியாளர்கள் ஃபோர்ஹேண்டைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், குறை கீழே சக்கரத்தில் இருக்கும்.

நாற்காலியையும் பார்ப்போம். பின்சக்கரங்கள் மேலே குறுகி, தரையில் விரிந்து, ஏறத்தாழ 20 டிகிரி சாய்ந்திருக்கும். பக்கவாட்டில் எட்டி அடிக்கும்போது கவிழாது, திருப்பமும் விரைவாகும். சக்கர அச்சை முன்னே நகர்த்தினால் நாற்காலி இன்னும் சட்டென்று திரும்பும், ஆனால் மல்லாந்து விழும் அபாயம் கூடும். அதைத் தடுக்கப் பின்னால் ஒரு சிறு சக்கரம் வைக்கிறார்கள். இருக்கையை உயர்த்தினால் சர்வ் நன்றாக வரும், நிலைத்தன்மை குறையும். இடுப்பையும் கால்களையும் பட்டையால் இறுக்கிக் கட்டினால்தான் உடம்பு திரும்பும்போதே நாற்காலியும் திரும்பும்.

இத்தனை கைவசம் இருந்தும் ஒருமுறை எல்லாம் நழுவப் பார்த்தது. 2008 பெய்ஜிங் பாராலிம்பிக் இறுதிப்போட்டியில் ஹோமனுக்கு எதிராக 6-2, 4-6, மூன்றாம் செட் டை-பிரேக்கர் வரை போனது. ஹோமனுக்கு மேட்ச் பாயிண்ட் கிடைத்தது, அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவருக்கு. அதைத் தப்பித்து 7-6 என்று வென்றார் வெர்கேர். அதே பெய்ஜிங்கில் கிரிஃபியூனோடு ஆடிய இரட்டையர் இறுதியில் தோற்று வெள்ளியோடு திரும்பினார். பாராலிம்பிக்கில் அவர் வென்ற தங்கம் 7. ஒற்றையரில் 2000 முதல் 2012 வரை நான்கும், இரட்டையரில் மூன்றும்.

கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் 42, ஒற்றையரிலும் இரட்டையரிலும் 21 வீதம். இந்த எண்ணை மற்ற வீரர்களோடு ஒப்பிடும்போது நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். விம்பிள்டனில் சக்கர நாற்காலி ஒற்றையர் தொடங்கியதே 2016இல்தான். பாராலிம்பிக் நடந்த 2008, 2012 ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பனில் இந்தப் பிரிவே நடக்கவில்லை. வாய்ப்பு இருந்திருந்தால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கடைசி ஒற்றையர் ஆட்டம் 2012 லண்டன் பாராலிம்பிக் இறுதி. வான் கூட்டை 6-0, 6-3 என்று வென்றார். 2023இல் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். நெதர்லாந்துப் பாராலிம்பிக் அணியின் தலைமைப் பொறுப்பும் அவருக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த நெதர்லாந்து வீராங்கனை டீடே டி குரூட் தொடர்ந்து 145 ஆட்டங்கள் வென்றார்; 2024 மே மாதம் ஜப்பானின் யூய் காமிஜி அதை முறித்தார். சில மாதங்களில் பாரிஸ் பாராலிம்பிக் இறுதியிலும் காமிஜியே 4-6, 6-3, 6-4 என்று வென்றார். 1992இலிருந்து கைமாறாத தங்கம் அன்று முதன்முறையாக நெதர்லாந்தை விட்டுப் போனது.