சிறிய பல்கலைக்கழகங்கள் கால்பந்து அணியை வைத்திருக்க வேண்டுமா? பர்மிங்காமில் நடந்தது என்ன?

[திரையில்: ஆளில்லாத பழைய விளையாட்டரங்கம், வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள்]

2014 டிசம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள் ஓர் அறைக்கு அழைக்கப்பட்டார்கள். மூன்று நாட்களுக்கு முன்புதான் அவர்கள் கடைசி ஆட்டத்தில் வென்று, அந்தப் பருவத்தை ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்று முடித்திருந்தார்கள். பல ஆண்டுகளாகத் துவண்டு கிடந்த அணிக்கு அது பெரிய முன்னேற்றம். அந்த அறையில் பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ், இனி இங்கே கால்பந்து அணி இருக்காது என்று அறிவித்தார். கைப்பேசியில் பதிவான அந்தக் காட்சியில், தோளகன்ற இளைஞர்கள் குரல் உடைந்து அவரிடம் நியாயம் கேட்பதை இன்றும் பார்க்கலாம்.

இங்கே கால்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் மிக உயர்ந்த கல்லூரிப் பிரிவிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் அணியையே கலைத்தது, 1995இல் கலிஃபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை.

நிர்வாகம் சொன்ன காரணம் எளிமையானது. விளையாட்டுத் துறையின் ஆண்டுச் செலவு சுமார் 3 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 2 கோடியைப் பல்கலைக்கழகமே கொடுத்துவந்தது. போட்டி நிலைக்கு ஈடுகொடுக்க இன்னும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். கேட்டவுடன் சரியென்று தோன்றும் வாதம்தான். ஆனால், அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை நின்று கவனிக்க வேண்டும்.

[திரையில்: இரண்டு கணக்குப் பேரேடுகள், இடையில் ஓர் அம்புக்குறி]

உயர் பிரிவு அணி ஒன்று 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. ஒருவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 20,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 85 பேருக்கு 17 லட்சம் டாலர். விளையாட்டுத் துறையின் பேரேட்டில் இது செலவு. அதே தொகை பல்கலைக்கழகத்தின் பேரேட்டில் வரவு. வகுப்பறையில் காலி இடங்கள் இருந்தால், அந்த 85 பேரைக் கூடுதலாக உட்காரவைப்பதற்கு ஆகும் உண்மைச் செலவு 17 லட்சத்தில் ஒரு சிறு பங்குதான். மாறாக, வகுப்புகள் நிரம்பிவழிந்து, அவர்களால் கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்கு இடம் இல்லாமல் போகிறது என்றால், நட்டம் முழுவதும் உண்மையே. பர்மிங்காமின் முடிவை மறுத்து ஆராய்ந்த பொருளியலாளர்கள் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். எனவே, "கால்பந்தால் இத்தனை கோடி நட்டம்" என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு வெளியே போன பணம், எவ்வளவு ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்ட பணம் என்று கேட்காமல் நம்பிவிடக் கூடாது.

நகரமும் முன்னாள் மாணவர்களும் நிதி தருவதாக உறுதி சொன்னார்கள். 2015 ஜூன் 1ஆம் தேதி அணி மீட்கப்பட்டது. 2017இல் மீண்டும் களமிறங்கி எட்டு ஆட்டங்களில் வென்றது. 2018இல், தான் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் கோப்பையையே வென்றது. நெஞ்சை நிறைக்கும் கதை. ஆயினும், அதை எல்லாச் சிறிய பல்கலைக்கழகங்களுக்கும் பொருத்திப் பார்க்க நான் தயங்குகிறேன். பர்மிங்காமில் ஒரு பெருநகரம் தோள்கொடுத்தது. சிற்றூர்க் கல்லூரிக்கு அந்தத் துணை கிடையாது. அங்கே பற்றாக்குறையை ஈடுகட்டுவது பெரும்பாலும் மாணவர் கட்டணம்தான். மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு இரவு வகுப்புக்கு வருபவர், ஓர் ஆட்டத்தையும் பார்க்க நேரமில்லாதவர், அவரும் அந்தத் தொகையைக் கட்டுகிறார்; பல சமயம் கடன் வாங்கிக் கட்டுகிறார்.

இன்னொரு வருவாய் வழியும் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்தின் அரங்கத்துக்குச் சென்று, தோற்பதற்கென்றே அழைக்கப்பட்டதுபோல ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, காசோலையுடன் திரும்புவது. 2007இல் 4 லட்சம் டாலருக்கு மிச்சிகன் சென்ற அப்பலாச்சியன் ஸ்டேட் அணி 34-32 என்று வென்றுவிட்டது உண்மைதான். அது அபூர்வம் என்பதால்தான் இன்றும் பேசப்படுகிறது. மற்ற நாட்களில் மாணவர்களின் உடம்பு வாங்கும் அடிதான் துறையின் வரவாகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

[திரையில்: அமெரிக்க வரைபடம், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு வரை நீளும் கோடு]

நான் மதிக்கும் முடிவு, வடமேற்கு மாநிலமான ஐடஹோவின் பல்கலைக்கழகத்துடையது. அம்மாநிலத்தின் மாஸ்கோ என்ற சிற்றூரில், சுமார் 16,000 பேர் அமரும் கூரையிட்ட அரங்கத்தை வைத்துக்கொண்டு, அது ஜார்ஜியா, லூயிசியானா மாநில அணிகளுடன் ஆட நாட்டின் மறுமுனைவரை விமானத்தில் போய்வந்தது. 2018இல் அது தானே உயர் பிரிவிலிருந்து ஒரு படி கீழே இறங்கியது. உதவித்தொகை வரம்பு 85லிருந்து 63ஆகக் குறைந்தது; மொன்டானா போன்ற அண்டை மாநில அணிகள் மீண்டும் ஆண்டுதோறும் எதிராளிகளாயின. கௌரவம் போய்விட்டது என்று முன்னாள் மாணவர்கள் பலர் கொதித்தார்கள். 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகளும் அந்த அணி, அந்தப் பிரிவின் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது.

கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவின் கணக்கு வேறு. அங்கே விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அணியில் சேரும் நூறு இளைஞர்களும் கட்டணம் செலுத்தும் மாணவர்கள். ஆகவே சேர்க்கை குறையும் கல்லூரிகள் அணியைப் புதிதாகத் தொடங்குகின்றன. அதையும் முழு மருந்தாக நம்பிவிட முடியாது. அதே பர்மிங்காம் நகரில், பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி 2007இல் கால்பந்தை மீண்டும் கொண்டுவந்தது. கடனிலும் சேர்க்கைச் சரிவிலும் சிக்கி, 2024 மே 31ஆம் தேதி அந்தக் கல்லூரியே மூடப்பட்டது.

[திரையில்: இரண்டு தொகைகள் அருகருகே]

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு விளையாட்டு வருவாயிலிருந்து நேரடியாகப் பங்கு கொடுக்கலாம்; 2025-26 ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலராக இருந்தது. கட்டாயம் இல்லை, ஆனால் நல்ல வீரர்கள் கொடுக்கும் இடத்துக்கே போவார்கள். 2014இல் பர்மிங்காமின் விளையாட்டுத் துறை முழுவதற்கும் ஆன செலவே சுமார் 3 கோடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பந்தயத்தில் மாணவர் கட்டணத்தை நம்பி ஓடும் சிறிய பல்கலைக்கழகங்கள் ஐடஹோவைப்போல இறங்கிவர வேண்டும் என்பதே என் கருத்து. மேலேயே நிற்பது என்று முடிவெடுப்பவை, கால்பந்துக்காக எடுக்கும் தொகையை ஒவ்வொரு கட்டண ரசீதிலும் தனி வரியாக அச்சிட்டு, அதைக் கட்டும் மாணவர்களிடம் ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்தட்டும்.